அப்பா என் வகுப்பில் படித்தார்

"உள்ளேன் ஐயா" என்று அப்பா எழுந்து நின்று சொன்னார்.

அவருக்கு முன்னால் பெயர் வாசிக்கப்பட்டவர்கள் எல்லாரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே "எஸ் சார்" என்று முனகிவிட்டுக் குனிந்துகொண்டவர்கள். அப்பா மட்டும் பெஞ்சுக்கும் மேசைக்கும் இடையே முழங்கால் இடிபட எழுந்தார். கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போகும்போது மட்டும் அணிகிற முழுக்கைச் சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, தாம் படித்த ஆரம்பப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடியே உரக்கச் சொன்னார். கடைசி வரிசையில் ஒருவன் இருமுவதுபோலச் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக முன்னால் வந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அப்பாவும் திரும்பிப் பார்த்து அவர்களோடு சேர்ந்து சிரித்தார். பெயர் வாசித்துக்கொண்டிருந்த சாருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பெரியவரே, பிள்ளைங்களைக் கொண்டுவந்து விட்டவங்கல்லாம் வெளிய உக்காரணும்" என்றார்.

"இல்லீங்க சார், நானும் இந்தக் கிளாசுதானுங்க" என்றார் அப்பா. "அடுத்த பேரு என்ற பொண்ணுங்க."

அடுத்த பெயர் என்னுடையது. எங்கள் இருவரின் விண்ணப்பங்களையும் அப்பா ஒன்றாகக் கொடுத்திருந்ததால் பதிவு எண்களும் அடுத்தடுத்து அமைந்துவிட்டன. சார் அதை வாசித்தார். கையை மட்டும் தூக்கினேன். தலைக்கு மேலே ஒரு மின்விசிறி கிறீச்சிட்டபடி சுற்றிக்கொண்டிருந்தது. அன்று முழுவதும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மின்விசிறியைத்தான்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. அப்பா நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தார். ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகிற வழியில் ஒரு காபி எஸ்டேட்டில் அவர் ரைட்டர். எஸ்டேட் அலுவலகத்தின் எழுத்து வேலை முழுவதையும் பார்க்கிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். யார் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு பழம் பறித்தார்கள், எந்தச் சரிவில் உரம் வைத்தாயிற்று என்பதெல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். எஸ்டேட் கொடுத்த குவார்ட்டர்ஸில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர். பிளஸ் டூவில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்குச் சேலத்தில் எந்தக் கல்லூரியிலும் நான் கேட்ட பாடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் விடுதியில் விட்டுவிட்டு வர அம்மாவுக்கு மனம் வந்திருக்காது. அந்த வருடம்தான் தொலைநிலைக் கல்வியில் கணினிப் பட்டப் படிப்பு வந்திருந்தது. தகவல் அமைப்புகள் அதன் முதன்மைப் பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் வகுப்பு. மற்ற நாட்களில் வீட்டில் இருந்தே படித்துக்கொள்ளலாம். எனக்கு விண்ணப்பம் வாங்கி வரப் போன அப்பா இரண்டு விண்ணப்பங்களோடு திரும்பினார்.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று அம்மா கேட்டாள்.

"பொண்ணை வாராவாரம் தனியா அனுப்பறதா? தொணைக்கு ஒரு ஆள் போகோணுமல்ல. சும்மா வெளிய உக்காந்துட்டு இருக்கறதுக்கு, உள்ள உக்காந்து நாலு எழுத்துப் படிச்சுட்டு வாரேன்."

அம்மா அதை நம்பினாள். நானும் நம்பினேன். உண்மை வேறு என்று பின்னால்தான் தெரிந்தது. தலைமை அலுவலகம் எல்லா எஸ்டேட்டுகளுக்கும் கம்ப்யூட்டர் அனுப்பப் போகிறது, இனி அது தெரிந்த ஆள்தான் அலுவலகத்தில் உட்கார முடியும் என்று மேனேஜர் அதற்கு முந்தைய வாரமே அவரிடம் சொல்லியிருந்தார். அந்த வேலையோடு சேர்ந்ததுதான் எங்கள் குவார்ட்டர்ஸ். வேலை போனால் வீடும் போகும். இதை எங்கள் இருவரிடமும் சொல்லாமல், பெண்ணுக்குத் துணை போகிற தகப்பனாக அவர் படிக்கப் புறப்பட்டார்.

பஸ்ஸில் தொடங்கியது என் சங்கடம். எங்கள் பக்கத்துக் கண்டக்டருக்கு ஏறுகிறவர்கள் எல்லாரையும் தெரியும். "ஏனுங்க ரைட்டரே, பாப்பாவைக் காலேஜுல உடப் போறீங்களா?" என்று அவர் கேட்டதும் அப்பா, "நானும் படிக்கத்தானுங்க போறேன். ரெண்டு பேரும் ஒரே கோர்ஸுங்க" என்று சொல்லி, அந்தப் படிப்பின் முழுப் பெயரையும் ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆரஞ்சுக் கூடையை மடியில் வைத்திருந்த, பக்கத்து ஊரான வாழவந்தியைச் சேர்ந்த ஒருவர், "ரெண்டு பேருக்கும் ஒரே புஸ்தகம் போதுமுங்களா?" என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார். அப்பா அதற்கும் பதில் சொன்னார். நான் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, மலைச்சாலையின் வளைவு ஒவ்வொன்றாக வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்ட வெட்கம் முழுவதும் அப்பாவைத் தாண்டி எனக்கே வந்து சேர்ந்துவிட்டதோ என்று தோன்றும். அவரிடம் அதில் ஒரு துளியும் இருப்பதாகத் தெரியவில்லை.

சில வாரங்களில் வகுப்பு மொத்தமும் அவரை "அப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தது. "அப்பா, ரெக்கார்டு நோட்டு குடுங்கப்பா", "அப்பா, அந்த டயகிராம் போட்டுட்டீங்களா?" என்று கேட்பார்கள். பாதிப் பேர் அன்பாகக் கூப்பிட்டார்கள்; மீதிப் பேர் கேலியாக. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். மதியம் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழச் சாதத்தைப் பக்கத்து பெஞ்சுக்காரர்களுக்கும் இலைத்துண்டில் எடுத்து வைப்பார். சார் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். அவர் ஒருவர் எழுவதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் வேறு வழியில்லாமல் அரைகுறையாக எழுவார்கள். தகவல் அமைப்புகள் பாடம் அவருக்குப் பிடித்திருந்தது. ஒரு நிறுவனத்துக்குள் செய்தி எங்கே பிறந்து யார் யார் கையைக் கடந்து எங்கே போய்ச் சேருகிறது என்று சார் கரும்பலகையில் கட்டங்களும் அம்புக்குறிகளும் போடும்போது அப்பா முன்னால் சாய்ந்துகொண்டு, உதட்டை அசைத்தபடி கேட்பார். நடுவில் கையைத் தூக்கி, "எங்க எஸ்டேட்டுல எப்படீன்னா சார்" என்று ஆரம்பிப்பார். அந்த "எங்க எஸ்டேட்டுல" வந்தவுடனே பின்வரிசையில் யாராவது தொண்டையைக் கனைப்பார்கள். எனக்குக் காது மடல் சுடும்.

கணினி அறைக்குப் போக வேண்டுமானால் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏசி, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஆட்கள் அதிகம், இயந்திரங்கள் குறைவு என்பதால் இரண்டு பேருக்கு ஒரு இயந்திரம். பாதி நேரம் ஒருவர் அடிக்க வேண்டும், மீதி நேரம் இன்னொருவர். எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து ஒன்று கொடுத்தார்கள். திரும்பி மலை ஏறும்போது போட்டுக்கொள்ள எடுத்து வந்த குரங்குக் குல்லாவை அவர் அந்த ஏசி அறையிலேயே மாட்டிக்கொள்வார். "ஏற்காட்டுக்காரருக்கே குளிருதாம்டா" என்று சேலத்துப் பையன்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் எனக்குக் குல்லாவைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அவருடைய முறை வரும்போதெல்லாம், "எனக்குக் கை வரமாட்டேங்குது கண்ணு. நீயே அடி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். எஸ்டேட் அலுவலகத்தில் டைப்ரைட்டரைப் பார்க்காமலே படபடவென்று அடிக்கிறவர் இதைக் கண்டு பயப்படுகிறாரே என்று எனக்கு அவமானமாக இருக்கும். மற்றவர்கள் பார்ப்பதற்குள் கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொள்வேன்.

இரண்டாவது பருவத்தில், கணினிக்கு நிரல் எழுதுகிற சி மொழி வந்தது. அதில் பாயின்டர் என்கிற இடத்தில் அப்பா நின்றுவிட்டார். ஒரு மதிப்பை நேராக வைத்துக்கொள்ளாமல், அது கணினியின் நினைவகத்தில் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் முகவரியை மட்டும் வைத்துக்கொள்வது பாயின்டர். சார் அதை விளங்கவைக்க, "இது ஆள் இல்ல, ஆளோட அட்ரஸ்" என்றார்.

அப்பா கையைத் தூக்கினார். "ஆளு அந்த ஊட்டை உட்டுக் காலி பண்ணிப் போயிட்டா அட்ரஸு என்னங்க பண்ணும் சார்?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சார் மறுபடி விளக்கினார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார். சார் மூன்றாவது முறையும் படம் போட்டுச் சொன்னார். "அதுசரீங்க சார், ஆனா ஊட்டுல ஆளே இல்லாதப்ப..." என்று அப்பா மறுபடி எழுந்தபோது சார் சாக்பீஸை மேசைமேல் போட்டார்.

"பெரியவரே, இது உங்களுக்கு வராது. விட்டுடுங்க. உங்க ஒருத்தரால மத்தவங்க படிப்பும் கெடுது. இந்த வயசுல பேத்திகளைத் தூக்கிட்டுக் கோயிலுக்குப் போறதை விட்டுட்டு ஏன் இங்க வந்து எங்க உயிரை வாங்கறீங்க?"

அப்பா நின்றுகொண்டிருந்தார். "சரிங்க சார்" என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க சார்." பிறகு உட்கார்ந்தார்.

அப்போது யாரும் சிரிக்கவில்லை. அதுவரை அவர்கள் சிரித்ததெல்லாம் பரவாயில்லை என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது. எல்லாரும் ஒரே சமயத்தில் தங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். கேலி செய்கிற பையன்கள்கூட. சார் கெட்டவர் அல்ல. பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. அன்று மாலையே அவர் மாடிப்படியில் அப்பாவிடம் ஏதோ சமாதானமாகப் பேசினார். ஆனால் என் தகப்பன் தன் பிள்ளை வயதுக்காரர் முன்னால், தன் பிள்ளைக்குப் பக்கத்தில், திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததை நான் பார்த்துவிட்டேன். பார்த்தேன் என்பது அவருக்கும் தெரியும். பெஞ்சின்மேல் எங்கள் முழங்கைகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் என் கையை நகர்த்தவும் இல்லை, அவர் கையைத் தொடவும் இல்லை.

திரும்புகிற பஸ்ஸில் வழக்கமாக அன்றைய பாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார். அன்று பாதி மலை ஏறும்வரை பஸ் டிக்கெட்டை மடித்தும் பிரித்தும் வந்தார். மூடுபனி உள்ளே வர ஆரம்பித்ததும் எழுந்து என் பக்கத்து ஷட்டரை இறக்கிவிட்டார்.

"ஏன் கண்ணு, அந்தப் பாயின்டரு உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுப்பா."

"அப்பறமென்ன. ஒருத்தருக்குப் புரிஞ்சாப் போதும்."

முதல் வருட முடிவு எஸ்டேட் தபால் பையில் வந்தது. நான் எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தேன். அப்பா தகவல் அமைப்புகளிலும் இன்னும் சிலவற்றிலும் தேறி, சி மொழியிலும் கணக்கிலும் தவறியிருந்தார். பையைப் பிரிக்கும்போது பக்கத்தில் மேஸ்திரி இருந்தார். வேலையாட்களை மேய்க்கிற மனிதர். வாய் கொஞ்சம் நீளம். மதியத்துக்குள் பறிப்பு நடக்கிற காடு முழுக்க, "ரைட்டரு பெயிலு, பொண்ணு பாசு" என்ற செய்தி போய்விட்டது. அப்பா ஏற்காடு டவுனுக்குப் போய் ஜிலேபியும் காராபூந்தியும் வாங்கி வந்து அலுவலக வாசலில் நின்று எல்லாருக்கும் கொடுத்தார். கூடையை இறக்கிவிட்டு வந்த ஒவ்வொருத்தியும், தெரிந்துகொண்டே, "யாருங்க பாசு?" என்று கேட்டாள். ஒவ்வொருத்தியிடமும் அப்பா ஒரே மாதிரி, "பொண்ணு பாசுங்க. நான் பெயிலுங்க. எடுத்துக்கோங்க" என்றார். குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்குப் பின்னால் நின்று நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தேறியதற்காக வெட்கப்பட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த வருடம் காபிப் பழம் பறித்து முடிந்த சமயத்தில் கம்ப்யூட்டர் வந்தது. பிறந்த குழந்தையைக் கொண்டுவருவதுபோல் கம்பளியில் சுற்றி ஜீப்பில் கொண்டுவந்தார்கள். கூடவே தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு இளைஞரும் வந்திருந்தார். நான் அப்போது வீட்டுக்குப் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து நின்றார். சட்டை முதுகு நனைந்திருந்தது, அந்தக் குளிரில்.

"சாமி, சித்த ஆபீசுக்கு வா."

"எதுக்குப்பா?"

"வா, சொல்றேன்."

ஆனால் வழியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அலுவலகத்துக்குள் மேனேஜர், அந்த இளைஞர், மேஸ்திரி மூவரும் இருந்தார்கள். மேசைமேல் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பிழைச் செய்தி அப்படியே நின்றுகொண்டிருந்தது. அன்றைய வேலையாட்களின் வருகையை உள்ளே ஏற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா முயன்றிருக்கிறார். முடியாமல் போனதும் "தெரிஞ்சவங்க வேற யாராவது இருக்காங்களா?" என்று அந்த இளைஞர் கேட்க, "என்ற பொண்ணு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவரே என்னைக் கூப்பிட வந்திருக்கிறார். இதெல்லாம் பின்னால் மேஸ்திரி மூலம் ஊருக்கே தெரிந்தது. நான் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நாற்காலி அப்பாவின் உயரத்துக்குச் செய்தது. என் கால் தரையில் எட்டவில்லை. பிழையை நீக்கிவிட்டு, பெயர்களை ஏற்றி, அவர்கள் கேட்டதை அச்சடித்துக் கொடுத்தேன். அப்பா எனக்குப் பின்னால் நின்று பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"திங்கக்கிழமையிலிருந்து நீயே வந்துடும்மா" என்றார் மேனேஜர்.

"அப்பாவே இருக்கட்டும் சார். நான் கூட இருந்து சொல்லிக் குடுக்கறேன்."

"ஒரு ஆபீசுக்கு ஒரு ரைட்டர்தாம்மா. அப்பா உரக் குடோனைப் பாத்துக்கட்டும். குவார்ட்டர்ஸ் உன் பேருக்கு மாறிடும்."

நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அப்பா, "வருமுங்க சார்" என்றார். "திங்கக்கிழமை வந்துருமுங்க."

அன்று சாயங்காலம் அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "லேப்புல உங்க முறையையும் சேத்து அவளுக்கே குடுத்தீங்க. இப்ப உங்க சேரையும் குடுத்துட்டு வந்து நிக்கறீங்க." நான் திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் அம்மாவைக் கையமர்த்தினார். அம்மா அடங்கவில்லை. ஆளுக்குப் பாதியாகக் கற்றுக்கொண்டால் இரண்டு பேருக்கும் வராது, ஒருத்தராவது முழுசாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று முதல் மாதமே அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பயம் அல்ல. குரங்குக் குல்லாவோடு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது. நான் ஏதும் தவறு செய்யவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அது சரிதான். தவறு செய்யாமலே இவ்வளவு கூச முடிகிறது என்பதுதான் எனக்குப் பதில் தெரியாத விஷயம்.

திங்கட்கிழமை நான் ஆபீசில் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் அப்பா உரக் குடோனிலிருந்து வந்து வாசலில் நின்றார். வேலைக்குப் போக வேண்டிய ஆண்களும் பெண்களும் முற்றத்தில் கூடியிருந்தார்கள். மேஸ்திரி தூணில் சாய்ந்து நின்றார்.

"ஏனுங்க" என்றார் அப்பா. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். "யூரியா மூட்டை வந்திருக்குதுங்க. கொஞ்சம் பாத்துக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பெற்ற தகப்பன் என்னை "ங்க" போட்டுப் பேசினார். தூணில் சாய்ந்திருந்த மேஸ்திரி நிமிர்ந்து நின்றார். நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் கையெழுத்தான தாளை வாங்கி, "வரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேலி செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். அவர் குரலில் கேலியும் இல்லை, வருத்தமும் இல்லை. முன்பு மேனேஜரிடம் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினார். வீட்டில் நான் அழுதபடி, "என்னை அப்புடிக் கூப்பிடாதீங்கப்பா. எனக்குச் செத்துப் போகலாம்னு இருக்குது" என்றேன்.

"ஆபீசுல நீ ரைட்டரு. ஊட்டுல நீ என்ற புள்ள. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காத சாமி" என்று சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

பட்டம் வாங்கும்வரையும் அதற்குப் பின் இரண்டு வருடமும் நான் அங்கே வேலை பார்த்தேன். ஒரு நாள்கூட அவர் ஆபீஸ் வாசலில் என்னை "நீ" என்று சொன்னதில்லை. நானும் ஒரு நாள்கூட அதற்குப் பழகியதில்லை. பிறகு எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அன்றைக்கு வழியனுப்ப வந்த மேஸ்திரிதான் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் சொன்னார்.

"உங்க கிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. நீங்க ஆபீசுக்கு வந்தப்ப, பதினெட்டு இருவது வயசுப் புள்ள, இதுகிட்டப் போயி நாம என்ன மரியாதை பேசறது, 'ஏ புள்ள'ன்னு கூப்பிட்டா வருதுன்னு ஆளுங்க கிட்டச் சொல்லிட்டு இருந்தனுங்க. அது உங்கப்பா காதுல உளுந்துருச்சு. அன்னிக்குக் காலைல அவரு எல்லாரு முன்னாலயும் வந்து உங்களை வாங்க போங்கன்னு பேசறாரு. பெத்த அப்பனே அப்புடிப் பேசும்போது, எனக்கு நாக்கு எழும்புமுங்களா?"

அவர் சிரித்தார். அவருக்கு அது பழைய கதை. நான் அப்பாவைத் தேடிப் பார்த்தேன். அவர் தள்ளி நின்று என் பெட்டியைப் பஸ்ஸின் மேலே ஏற்றுவதற்கு ஒரு ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார். மலை இறங்கி முடியும்வரை அந்தப் பஸ்ஸில் நான் நிமிர்ந்து உட்காரவில்லை.

நான் போனபின் ஆபீசுக்கு வேறு ஆள் வந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அப்பாவும் அம்மாவும் வாழவந்தியில் வாடகை வீட்டுக்குப் போனார்கள். நான் பட்டம் வாங்கிய பிறகும், பெங்களூருக்குப் போன பிறகும், அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகச் சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார். கணக்கில் தேறினார். மற்ற எல்லாப் பாடங்களிலும் ஒவ்வொன்றாகத் தேறினார். சி மொழி மட்டும் ஒவ்வொரு முறையும் அவரைத் திருப்பி அனுப்பியது. இனி அந்தப் பழைய பாடத்திட்டத்தில் தேர்வு கிடையாது என்று ஒரு வருடம் அறிவித்தார்கள். அத்தோடு நின்றது. போனில் அவர் அதைச் சொன்ன விதம், எஸ்டேட் பக்கம் பஸ் வருகிற நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்று சொல்வதுபோல இருந்தது. நான்தான் போனை வைத்துவிட்டு, அலுவலகக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அம்மா போனபிறகு அப்பா என்னோடு பெங்களூரில் இருக்கிறார். எழுபத்தைந்தைக் கடந்துவிட்டார். ஒரு காது சரியாகக் கேட்காது. தகவல் அமைப்புகளை வடிவமைக்கிற குழு ஒன்றுக்கு இப்போது நான் தலைமை வகிக்கிறேன். சென்ற பொங்கலுக்கு என் குழுவிலிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தேன். எல்லாரும் இருபதுகளில் இருப்பவர்கள். சாப்பிட்டுவிட்டு அப்பாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஏற்காட்டைப் பற்றிக் கேட்டார்கள், காட்டெருமை வருமா என்று கேட்டார்கள். ஒருவன் மரியாதைக்காகத்தான் கேட்டான்: "தாத்தா, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"கம்ப்யூட்டருங்க தம்பி" என்றார் அப்பா. "ஒரு பேப்பர் நிக்குதுங்க."

அவர்கள் அதை நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். கள்ளமில்லாத சிரிப்பு. அப்பாவும் அவர்களோடு சிரித்தார். எனக்கு மட்டும் பதினெட்டு வயதில் சுட்ட அதே இடத்தில் காது சுட்டது. இப்போதும் எதையாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிடலாம். பாயசம் வேண்டுமா என்று கேட்டால் போதும்.

"அப்பா சொல்றது நெசம்" என்றேன். "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சேர்ந்தோம். ஒரே கிளாஸ்."

சிரிப்பு நின்றது. ஒரு பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அது பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. "அப்ப நீங்களும் மேடமும் கிளாஸ்மேட்டா தாத்தா?" என்று அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து உரக்கக் கேட்டாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு விவரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டிய பொறுப்போடு தலையை அசைத்தார்.

"இல்லீங்கம்மா. இவுங்க எனக்கு சீனியருங்க."